உப்பும் போல்ட்டும்: ரோடு சைக்கிளுக்குச் சின்ன போல்ட்டுகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி

வேலூரிலிருந்து கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அதனால் உப்புக்காற்று, துரு எல்லாம் சென்னைக்காரர்களின் கவலை என்றுதான் நானும் இருந்தேன். மூன்று வருடம் ஓட்டிய ரோடு சைக்கிளில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துவைக்கும் பாட்டில் கேஜை மாற்றலாம் என்று ஒரு நாள் அலன் கீயை (அறுகோணச் சாவி) வைத்துத் திருப்பினேன். மேல் போல்ட் கழன்றது. கீழ் போல்ட் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். சாவி உட்காரும் அறுகோணக் குழி வட்டமாகிப் போனது. பிடிக்க இனி எதுவும் இல்லை.

லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த அண்ணன் தலையை டிரில் போட்டு எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பிளையரால் பிடித்துக் கழற்றிக் கொடுத்தார். மரையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருந்ததைக் காட்டி, "தம்பி, இது இரும்புத் துரு இல்ல. அலுமினியம் அரிச்சிருக்கு. ரெண்டும் ஒண்ணா கடிச்சுக்கிச்சு. நீ வேர்வையத் தொடைக்கிறதே இல்லையா?" என்று கேட்டார்.

சைக்கிளுக்கு எந்த போல்ட் வாங்குவது என்பதை நான் படிக்க ஆரம்பித்தது அந்தக் கேள்வியிலிருந்துதான். புதிதாக ரோடு சைக்கிள் வாங்கியவர்கள் பலரும் என்னிடம் கேட்பது, "டைட்டானியம் போல்ட் போட்டால் எடை எவ்வளவு குறையும்?" என்று. எடைக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் உப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

நம் ஊரை வெயிலூர் என்று சொல்வது சும்மா இல்லை. கத்திரி நாட்களில் காலை ஏழு மணிக்கே முதுகு நனைந்துவிடும். ஏலகிரி ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள்: பதினான்கு கொண்டை ஊசி வளைவு, வேகமோ நடந்து போகிறவரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சமதளத்தில் காற்று வியர்வையை உலர்த்திவிடும். ஏற்றத்தில் அந்தக் காற்று இல்லை. தலையைக் குனிந்து மிதிக்கும்போது மூக்கு நுனியிலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளியும் நேராக, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளும் ஸ்டெம்மிலும், அதன் பின்னால் உள்ள மேல் குழாயிலும்தான் விழுகிறது. அங்கிருந்து வழிந்து ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்புவதற்கான பேரிங்), பாட்டில் கேஜ் என்று இறங்குகிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு அங்கேயே தங்கும். அடுத்த ஈரம் பட்டதும் மறுபடி வேலையைத் தொடங்கும்.

அடுத்த உப்பு, சைக்கிளைக் கழுவும் தண்ணீரில் இருக்கிறது. பாலாற்றங்கரையில் பல ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பு என்பது யாருக்கும் புதிய செய்தி இல்லை. தோல் பதப்படுத்தும் தொழிலில் பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பு போடுகிறார்கள்; அந்தக் கழிவு நிலத்தடி நீரில் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்தது. வாளியில் அந்தத் தண்ணீரைப் பிடித்துச் சைக்கிளைப் பளபளவென்று கழுவி நிழலில் நிறுத்தினால், கழுவினோம் என்ற திருப்தியோடு போல்ட் குழிகளில் உப்பையும் நிரப்பி வைக்கிறோம்.

சரி, உப்பு என்ன செய்கிறது? இங்கே இரண்டு தனித்தனிக் காரியங்கள் நடக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் போல்ட் தேர்வு புரியும்.

முதலாவது, உலோகம் தானாகவே அரிபடுவது. சாதாரண இரும்பு போல்ட் ஈரத்திலும் காற்றிலும் துருப்பிடிக்கும்; உப்பு அதை வேகப்படுத்தும். எவர்சில்வரில் குரோமியம் குறைந்தது பத்தரை சதவீதமாவது இருக்கும். அது காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக நின்று உள்ளே இருப்பதைக் காக்கும். அலுமினியத்துக்கும் டைட்டானியத்துக்கும் இதே மாதிரி சொந்தப் படலம் உண்டு. உப்பில் உள்ள குளோரைடு எவர்சில்வர், அலுமினியப் படலங்களைத் துளைத்துவிடும். அம்மா ஊறுகாயை அலுமினியப் பாத்திரத்தில் வைக்க விடமாட்டார் இல்லையா? உப்பும் புளிப்பும் சேர்ந்து அலுமினியத்தில் புள்ளி புள்ளியாகக் குழி போடும். அதனால்தான் பீங்கான் ஜாடி. டைட்டானியத்தின் படலமோ கடல் தண்ணீரில் வைத்தாலும் அசையாது. வியர்வை அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாவதுதான் என் போல்ட்டுக்கு நடந்தது. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புத் தண்ணீர் இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. பழைய டார்ச் லைட்டில் போடும் பேட்டரியில் வெளிக்கூடான துத்தநாகம் கரைந்து கரைந்துதான் மின்சாரம் வரும். கூடு கரைந்து ஓட்டையானதும் உள்ளே இருப்பது கசிந்து டார்ச்சே வீணாவதைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிளிலும் அதே கதை. இரண்டில் எது கரையும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. நமக்குத் தேவையான அளவுக்குச் சொன்னால்: அலுமினியம் முதலில் கரையும், அப்புறம் சாதாரண இரும்பு, அதற்கும் மேலே எவர்சில்வர், டைட்டானியம், உச்சியில் கார்பன் ஃபைபர். கார்பன் உலோகம் இல்லைதான். ஆனால் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் இந்த ஆட்டத்தில் அதுவும் சேர்த்தி.

என் சைக்கிளில் அலுமினிய ஃபிரேம், எவர்சில்வர் போல்ட், நடுவில் மூன்று வருட வியர்வை. கரைந்தது ஃபிரேமின் மரை. கரைந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக மாறும்போது முன்பு இருந்ததைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். மரை இடுக்கில் அந்தப் பொடி நெருக்கிக்கொண்டதால்தான் போல்ட் அசையவில்லை. போல்ட் புதிது போலவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். துருப்பிடிக்காத போல்ட் வாங்கிவிட்டால் போதும் என்பவர்கள் தவறவிடும் இடம் இதுதான். போல்ட் பிழைக்கும், அது உட்கார்ந்திருக்கும் இடம் போய்விடும். போல்ட் கடையில் கிடைக்கும். ஃபிரேமின் மரை கிடைக்காது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கரையும் பக்கம் பெரிதாக இருந்தால் பாதிப்பு பரவி மெதுவாகும். சின்னதாக இருந்தால் மொத்தமும் அதன் தலையில் விழும். பெரிய அலுமினிய ஃபிரேமில் சின்ன எவர்சில்வர் போல்ட் இருந்தால் கிரீஸ் போட்டுச் சமாளிக்கலாம். கார்பன் ஃபிரேமில் கார்பனை நேராகத் தொட்டுக்கொண்டு ஒரு சின்ன அலுமினிய போல்ட் இருந்தால் அது சீக்கிரம் அரிக்கும். அந்த ஜோடியைத் தவிர்ப்பது நல்லது.

இனி எடைக்கு வருவோம். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு 7.85 கிராம். எவர்சில்வரும் கிட்டத்தட்ட அதேதான். எவர்சில்வர் போட்டால் எடை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டைட்டானியம் சுமார் 4.4 கிராம், அலுமினியம் சுமார் 2.7. சைக்கிளில் அதிகம் புழங்குவது எம்5, அதாவது தண்டின் விட்டம் 5 மில்லிமீட்டர் உள்ள போல்ட். 16 மில்லிமீட்டர் நீளத்தில் உருளைத் தலையோடு உள்ள எம்5 இரும்பு போல்ட் ஏறத்தாழ 4 கிராம் இருக்கும். அதுவே டைட்டானியத்தில் இரண்டேகால் கிராம், அலுமினியத்தில் 1.4 கிராம் அளவுக்கு வரும்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஸ்டெம்மில் ஆறு, பாட்டில் கேஜில் நான்கு, சீட்டைத் தாங்கும் குழாயான சீட்போஸ்ட் பக்கம் இரண்டு, ஹெட்செட் மூடியில் ஒன்று. பதிமூன்றையும் டைட்டானியமாக மாற்றினாலும் சுமார் 23 கிராம்தான் குறையும். பாட்டிலிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால் அந்த எடை போய்விடும். விலையோ இரும்பைவிடப் பல மடங்கு. எடைக்காக மட்டும் டைட்டானியம் வாங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வியர்வை நேராகச் சொட்டும் இடத்தில் பத்து வருடம் ஆனாலும் தலை துருப்பிடிக்காமல், குழி சிதையாமல் இருக்கும் என்பதற்காக வாங்கினால் அந்தப் பணத்துக்கு அர்த்தம் உண்டு.

உறுதியில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். இரும்பு போல்ட்டின் தலையில் 8.8, 10.9, 12.9 என்று எண் இருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அது அறுபடும் இழுவலிமை, மெகாபாஸ்கல் என்ற அலகில். புள்ளிக்குப் பின்னால் உள்ளது, அதில் எத்தனை பங்கு வரை இழுத்தால் போல்ட் நிரந்தரமாக நீளாமல் பழைய நிலைக்குத் திரும்பும் என்பது. 8.8 என்றால் 800. அதில் பத்தில் எட்டுப் பங்கு, 640 வரை தாங்கும். 12.9 என்றால் 1200, அதில் 1080 வரை. கடையில் கிடைக்கும் எவர்சில்வர் போல்ட்டில் பெரும்பாலும் ஏ2-70 என்று பொறித்திருக்கும். ஏ2 என்பது 304 வகை, 70 என்றால் 700 மெகாபாஸ்கல். ஆனால் 450-ஐத் தாண்டினாலே அது நீள ஆரம்பித்துவிடும். ஆக, பளபளப்பான எவர்சில்வர் போல்ட் துருப்பிடிக்காது என்பது உண்மை. கறுப்பு இரும்பு அலன் போல்ட்டைவிட அது மென்மையானது என்பதும் அதே அளவு உண்மை.

ஸ்டெம்மில் இருந்த கறுப்பு போல்ட் துருப்பிடித்துவிட்டது என்று ஹார்ட்வேர் கடையில் அதே அளவில் எவர்சில்வர் வாங்கி மாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு முறுக்கி இறுக்க வேண்டும் என்பதற்குப் பல ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். அந்த முறுக்கில் ஏ2-70 போல்ட் தன் எல்லையை ஒட்டியோ தாண்டியோ போய்விடும், அதுவும் கிரீஸ் போட்ட மரையில் அதே முறுக்குக்கு போல்ட் இன்னும் கூடுதலாக இழுபடும். ஏலகிரியிலிருந்து இறங்கும்போது நம் மொத்தப் பாரமும் பிரேக் அடித்த கையும் அந்த ஆறு போல்ட்டில்தான் இருக்கின்றன. அங்கே உறுதி குறைந்த போல்ட்டுக்கு இடமே கிடையாது.

டைட்டானியத்திலும் கிரேடு பார்க்க வேண்டும். கிரேடு 5 என்பது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்தது. இழுவலிமை 900 மெகாபாஸ்கலை ஒட்டி இருக்கும், 8.8-க்கு மேல், 12.9-க்குக் கீழ். கிரேடு 2 கலப்பில்லாத டைட்டானியம், அது அதில் பாதிகூட வராது. வெறுமனே "டைட்டானியம்" என்று மட்டும் எழுதி விற்பதை ஸ்டெம்மில் போடாதீர்கள். மரையை வெட்டாமல் உருட்டி எடுத்ததா என்றும் கேளுங்கள். உருட்டிய மரை திரும்பத் திரும்ப வரும் அதிர்வை நன்றாகத் தாங்கும்.

சிவப்பு, நீலம், தங்க நிறம் என்று பளிச்சென்று வரும் "அலாய் போல்ட்" பெரும்பாலும் சாயம் ஏற்றிய அலுமினியம். எங்களோடு ஞாயிற்றுக்கிழமை ஓட்டும் ஒரு தம்பி டைட்டானியம் என்று சொல்லி விற்றதை நெட்டில் வாங்கி வந்தான். தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 16 மில்லிமீட்டர் நீள எம்5, ஒரு போல்ட் ஒன்றரை கிராம்கூட இல்லை. அலுமினியம். நல்லவேளை, அது ஸ்டெம்முக்குப் போகும் முன் தராசுக்குப் போனது. இந்தச் சோதனையை எல்லோரும் செய்யலாம். காந்தம் இதற்கு அவ்வளவாக உதவாது: டைட்டானியம், அலுமினியம் இரண்டும் ஒட்டாது, எவர்சில்வரும் ஒட்டாது அல்லது லேசாகத்தான் ஒட்டும். பத்து போல்ட்டைச் சேர்த்து எடை போடுவதுதான் சரியான வழி. நாற்பது கிராம் பக்கம் வந்தால் இரும்போ எவர்சில்வரோ, இருபத்திரண்டு இருபத்துமூன்று வந்தால் டைட்டானியம், பதினான்கு வந்தால் அலுமினியம்.

அப்படியானால் எங்கே எதைப் போடுவது? பாட்டில் கேஜுக்கு எவர்சில்வர் தாராளமாகப் போதும்; சுமை குறைவு, முறுக்கும் இரண்டு மூன்று நியூட்டன் மீட்டரைத் தாண்டாது. அலுமினிய ஃபிரேம் என்றால் இங்கே அலுமினிய போல்ட்டும் நல்ல தேர்வு, ஒரே உலோகம் என்பதால் பேட்டரி விவகாரமே பெரிதாக எழாது. கையில் மென்மையாகத் திருப்பத் தெரிந்தவர்கள் மட்டும் போடுங்கள். ஹெட்செட் மேல் மூடி போல்ட், பேரிங்கை அழுத்தி ஆட்டம் எடுக்க மட்டும்தான். ஸ்டெம்மை இறுக்கியபின் அதற்குச் சுமை இல்லை. வியர்வை முதலில் விழுவதும் அதன் மேல்தான். டைட்டானியம் ஒன்றே ஒன்று வாங்கிப் பார்க்க ஆசை என்றால் அந்த இடத்தில் போடுங்கள்.

ஸ்டெம்முக்கும் சீட் கவ்விக்கும் தயாரிப்பாளர் கொடுத்த இரும்பு போல்ட்டே இருக்கட்டும். மாற்றத்தான் வேண்டும் என்றால் நம்பகமான கிரேடு 5 டைட்டானியம் மட்டும். பிரேக் பிடிப்பான், டிஸ்க் தட்டு ஆகியவற்றின் போல்ட்டுகளைத் தொடவே வேண்டாம். அவை சூட்டையும் வெட்டுவிசையையும் சேர்த்து வாங்குபவை. துருப்பிடித்தால் அதே தயாரிப்பாளரின் அதே போல்ட்டை வாங்கி மாட்டுங்கள். அங்கே கிராம் கணக்குப் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கடையில் கேட்கும்போது "சைக்கிள் போல்ட்" என்று கேட்டால் கேரியர் நட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். "எம்5-க்கு 16, எஸ்.எஸ். அலன் போல்ட், 304" என்று கேளுங்கள் (16 என்பது நீளம், எஸ்.எஸ். என்றால் எவர்சில்வர்), பழைய போல்ட்டையும் கையில் கொண்டு போங்கள். 316 கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை அதிகம் தாங்கும். தலையின் வடிவத்தையும் பாருங்கள். உருளைத் தலை எம்5-க்கு 4 மில்லிமீட்டர் அலன் கீ. அழகாகக் குவிந்த பொத்தான் தலைக்கு 3 மில்லிமீட்டர்தான், குழி ஆழமும் குறைவு, சீக்கிரம் வழுக்கும். என்னுடையதும் பொத்தான் தலைதான். இடம் இருந்தால் உருளைத் தலையே வாங்குங்கள். நீளத்தில், அலுமினிய மரைக்குள் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது இறங்க வேண்டும். எம்5 என்றால் ஏழெட்டு மில்லிமீட்டர். எடை குறையட்டும் என்று குட்டையான போல்ட் போட்டால் இரண்டு மரை மட்டும் பிடித்து அதையும் உரித்துக்கொண்டு வந்துவிடும்.

கறுப்பு அலன் போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கறுப்பு பெயின்ட் இல்லை, துருவைத் தடுக்கும் பூச்சும் இல்லை என்றே சொல்லலாம். மேலே இருக்கும் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். எண்ணெய் போனதும் ஐப்பசி மழைக்கு ஒரே வாரத்தில் செம்மண் நிறம் வந்துவிடும்.

எந்த போல்ட் வாங்கினாலும் கிரீஸ் இல்லாமல் மாட்டக் கூடாது. மரை முழுக்க மெல்லியதாக, தலையின் அடியிலும் கொஞ்சம். உப்புத் தண்ணீர் இடுக்கில் இறங்காமல் தடுப்பது அதுதான். தண்ணீர் இல்லையென்றால் பேட்டரியும் இல்லை. டைட்டானியத்துக்கும் எவர்சில்வருக்கும் இன்னொரு காரணமும் சேர்கிறது: காய்ந்த மரையில் இறுக்கும்போது உலோகம் உரசி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க ஆன்டி-சீஸ் என்று ஒரு பசை விற்கிறார்கள், டைட்டானியம் வாங்கும்போதே அதையும் வாங்கிவிடுங்கள். போல்ட்டில் நீல நிறப் பசை காய்ந்து ஒட்டியிருந்தால் அது அதிர்வில் கழலாமல் இருக்கப் போட்டது, அங்கே கிரீஸ் வேண்டாம். கார்பன் சீட்போஸ்ட், கார்பன் ஹேண்டில்பாரின் மேற்பரப்பிலும் கிரீஸ் படக் கூடாது, வழுக்கும்.

முறுக்குக்கு, அதை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. 5 நியூட்டன் மீட்டர் எவ்வளவு என்று கைக்குப் புரிய, பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள அலன் கீயின் நுனியில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பலரும் நினைப்பதைவிட இது குறைவு.

ஓட்டி முடித்து வந்ததும் குடிதண்ணீரில் நனைத்த துணியால் ஸ்டெம், மேல் குழாய், பாட்டில் கேஜ் போல்ட்டின் தலைகளைத் துடைத்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. வருடத்தில் இருமுறை, வெயில் முடிந்ததும் ஒரு தடவை, அக்டோபர் மழைக்கு முன் ஒரு தடவை, பாட்டில் கேஜ் போல்ட்டுகளைக் கழற்றி, மரையைத் துணியால் துடைத்து, புது கிரீஸோடு மாட்டுகிறேன். அந்தப் பட்டறை அண்ணனிடம் போய் வந்த பிறகு ஒரு போல்ட்கூட எனக்குச் சிக்கவில்லை.

முதல்முறை செய்பவர்கள் பாட்டில் கேஜில் தொடங்குங்கள். குழியில் இருக்கும் அழுக்கை ஊசியால் எடுத்துவிட்டு, அலன் கீ அடிவரை உட்கார்ந்ததா என்று பார்த்து, அப்புறம் திருப்புங்கள். அசையவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம். துரு இளக்கும் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். புது போல்ட்டை மாட்டும்போது முதல் நான்கு சுற்றும் விரலாலேயே ஏற வேண்டும். விரலுக்கு இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். பின்பக்கமாகத் திருப்புங்கள், மரை பொருந்தும் இடத்தில் லேசாக ஒரு "டிக்" கேட்கும், அங்கிருந்து மறுபடி ஏற்றுங்கள்.